திரும்பி வரும் தண்ணீர்

நுழையும்முன்

தாகம் உடலில் எழுகிறது; அது தணிவது வீட்டிலும் வகுப்பறையிலும் பணியிடத்திலும் தெருவிலும். நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும், நீர் அருந்தினால் உடல் எடை குறையுமா என்பன பலரும் கேட்கும் கேள்விகள். வெயிலுக்குப் பெயர்பெற்ற மதுரையை முன்னிறுத்தி அக்கேள்விகளை ஆராயும் இக்கட்டுரை, வெளிப்படையாகக் கேட்கப் பலரும் தயங்கும் மற்றொரு கேள்வியையும் எழுப்புகிறது.

மதுரை கே.கே. நகரில் காலை ஏழரை மணிக்கெல்லாம் பள்ளிக்குக் கிளம்பும் மாணவியர் பலர் உண்டு. தோளில் புத்தகப் பை. பையின் பக்கவாட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பள்ளி முடிந்து, தனிவகுப்பும் முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது மாலை ஆறு மணி ஆகிவிடும். பையை வாங்கி வைக்கும் தாய் முதலில் பார்ப்பது சோற்று டப்பாவை. அடுத்து அந்தப் பாட்டிலை. சோறு தீர்ந்திருக்கும். தண்ணீர் மட்டும் கழுத்துவரை நிறைந்தபடியே திரும்பி வந்திருக்கும். “காலையில ஊத்திக் குடுத்த தண்ணி அப்படியே இருக்கே, நாள் பூரா என்னத்தக் குடிச்ச?” என்று தாய் கேட்பார். “மறந்துட்டேம்மா” என்று விடை வரும். பெரும்பாலான வீடுகள் அந்த விடையை நம்பிவிடுகின்றன.

இடையில் கழிந்தது பத்தரை மணி நேரம். மதுரையோ சித்திரை, வைகாசியில் 40 பாகை செல்சியசைத் தொடும் வெயில் காயும் ஊர். பள்ளி திறந்தபின் வரும் ஆனி, ஆடியிலும் அங்கு வெக்கை முற்றிலும் தணிந்துவிடுவதில்லை. அத்தகைய ஊரில் பத்தரை மணி நேரம் ஒருவருக்குத் தாகம் எடுக்காமலிருக்க வழியில்லை. தாகத்தை நாள்தோறும் மறந்துவிட முடியும் என்பதும் நம்பத்தக்கதன்று. மறக்க முடியாதபடியே இயற்கை அதனை அமைத்திருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டில் மறதியால் மட்டும் திரும்பி வருவதில்லை. வேறு காரணம் இருக்கிறது. அதனைத் தாயிடம்கூடச் சொல்லவிடாமல் கூச்சம் தடுக்கிறது. அக்காரணத்தை அறியும் முன், அந்த ஒரு லிட்டர் நீரை உடல் எதற்காகக் கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உடல் எழுதும் கணக்கு

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பெண்களின் உடலில் இது சற்றுக் குறைவு. குருதியின் நீர்மப் பகுதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. இத்தகைய அளவுகள் அறியப்படாத காலத்திலேயே, உடல் நீரை நம்பித்தான் நிலைக்கிறது என்பதைத் தமிழர் கண்டிருந்தனர். மதுரையை ஆண்ட பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18ஆம் பாடல் அதற்குச் சான்று. மறுமைச் செல்வம் வேண்டினாலும், பகைவரை வெல்லும் ஆற்றல் வேண்டினாலும், நிலைத்த புகழ் வேண்டினாலும் பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்கிவை என்று புலவர் மன்னனுக்கு அறிவுறுத்துகிறார். நீரில்லாமல் உடல் இல்லை என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஆகவே இது வேந்தனின் கடமை என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்வது ஊன்றி நோக்கத்தக்கது. தாகம் குடிமகனுடையது, அதற்கு வழி செய்யும் பொறுப்போ ஆள்பவருடையது என்ற தெளிவு அப்பாடலில் இருக்கிறது. நீரருந்துவதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டுமே பேசும் இன்றைய அறிவுரைகள் பலவற்றில் அத்தெளிவு இல்லை.

இனி உடலுக்குள் நடப்பதைக் காணலாம். சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடிகட்டுகின்றன. அவ்வளவும் வெளியேறுவதில்லை. அதில் 99 விழுக்காடு உடலுக்கே திருப்பி அனுப்பப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. இந்தத் திருப்பி அனுப்பும் வேலையை ஆள்வது வாசோபிரசின் என்னும் இயக்குநீர். குருதியின் செறிவு ஓரிரு விழுக்காடு கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதனை உணர்ந்துவிடும். உடனே வாசோபிரசின் சுரந்து, நீரைச் சிக்கனப்படுத்துமாறு சிறுநீரகங்களை ஏவும். சிறுநீர் அளவில் குறைந்து நிறத்தில் அடரும். ஏறக்குறைய அதே நேரத்தில் நாவறட்சியும் தாகமும் தோன்றும். சிக்கனம் ஒருபுறம், வேண்டுகோள் மறுபுறம் என உடல் இரண்டு வழிகளிலும் முயல்கிறது.

வேண்டுகோளைப் புறக்கணித்தால் சிக்கனம் மட்டுமே எஞ்சும். அந்தச் சிக்கனத்திற்கும் எல்லை உண்டு. கழிவுப் பொருள்களைக் கரைத்து வெளியேற்ற நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவேனும் சிறுநீர் உருவாகியே தீர வேண்டும். வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் யாரையும் கேட்டு வெளியேறுவதில்லை. உடல் எடையில் ஓரிரு விழுக்காட்டளவு நீர் குறைந்தாலே கவனம் சிதறுவதும் தலை கனப்பதும் சோர்வு தட்டுவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. ஐம்பது கிலோ எடையுள்ள மாணவிக்கு அந்த அளவு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. அதாவது திரும்பி வந்த பாட்டிலில் இருந்த அளவு. பிற்பகல் மூன்றாம் பாடவேளையில் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவதற்கு ஆசிரியரின் குரலைக் குறைகூறுவோர் இதனையும் எண்ணிப்பார்க்கலாம்.

தொடர்ந்து நீரைக் குறைத்து அருந்துவோர்க்கு நேரும் கேடுகள் இதனினும் பெரியவை. அடர்ந்த சிறுநீரில் உப்புகள் படிந்து சிறுநீரகக் கல் உருவாகிறது. மலச்சிக்கல் வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் ‘சூடு பிடித்துக்கொண்டது’ என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுக்கும் நீர்க்கடுப்புக்குப் பல நேரங்களில் நுண்ணுயிர்த் தொற்றே காரணமாக இருக்கிறது. பெண்களின் சிறுநீர்த்தாரை நீளம் குறைந்ததாகையால் அவர்களை அத்தொற்று எளிதில் பற்றும். அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே பருகிவந்த 140 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. அவர்களுள் ஒரு பிரிவினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் நீரை ஓராண்டுக்கு நாள்தோறும் கூடுதலாக அருந்தினர். மற்ற பிரிவினரோடு ஒப்பிட, அவர்களுக்கு நோய் வந்த தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நீர் மருந்தாகும் இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால், அது எல்லாவற்றுக்கும் மருந்தன்று.

எட்டுக் குவளையின் கதை

‘நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர்’ என்ற கட்டளை இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. இதன் தொடக்கம் எதுவென ஆராய்ந்தோர் பெரும்பாலும் சுட்டுவது, 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட ஒரு பரிந்துரையை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருத்தமானது என்று அது கூறியது. அதனை அடுத்து வந்த வாக்கியம், அந்த நீரில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்றது. முதல் வாக்கியம் ஊரெல்லாம் பரவியது. அடுத்த வாக்கியம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. சிறுநீரக ஆய்வாளர் ஹைன்ஸ் வால்டின் 2002இல் அறிவியல் இதழ்களைத் துருவிப் பார்த்து, நலமுள்ள அனைவரும் எட்டுக் குவளை வெறும் நீரை அருந்தியே ஆக வேண்டும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என எழுதினார்.

உணவும் நீர்தான் என்பதைத் தமிழர்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர். இரசம், மோர்க்குழம்பு, கம்பங்கூழ், நீராகாரம் என அடுக்களையில் இருப்பவை பாதி உணவும் பாதி பானமுமாகவே விளங்குகின்றன. பேருந்து நிலையங்களில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கப்படும் வெள்ளரிப் பிஞ்சில் 95 விழுக்காடு நீர். நுங்கும் தர்ப்பூசணியும் அவ்வாறே. ஒருவர் காலையில் உண்பது ரொட்டியா கூழா என்பதைப் பொறுத்துக்கூட அவருக்கு வேண்டிய குவளைகளின் எண்ணிக்கை மாறும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் வெளியிட்ட அளவு இவ்வகையில் தெளிவானது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர்; இது உணவிலுள்ள நீரையும் சேர்த்த மொத்தம். மிதமான தட்பவெப்பத்திற்கும் மிதமான உழைப்பிற்கும் உரியது என்ற குறிப்பும் அதனோடு உண்டு. மதுரை வெயில் மிதமானதன்று. அங்குக் கட்டட வேலை செய்பவருக்கும் களையெடுப்பவருக்கும் அந்த அளவு போதாது. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவருக்குக் கூடுதல் தேவையில்லை. எண்ணைவிட நிறம் நம்பகமானது. சிறுநீர் வைக்கோலின் வெளிர்மஞ்சளாக இருந்தால் நீர் போதும். கடுங்காப்பியை நோக்கி அடர்ந்தால் போதவில்லை. காசில்லாத இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டுமானாலும் பகலில் ஒருமுறையேனும் சிறுநீர் கழிக்கும் வாய்ப்பு அமைய வேண்டும்.

தேவைக்கு மீறி அருந்துவதும் தீங்கு. குருதியிலுள்ள சோடியத்தின் செறிவு குறைந்து, தலைவலியும் வாந்தியும் மயக்கமும் நேரிடும். முற்றினால் உயிருக்கே ஊறாகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களுள் 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது 13 விழுக்காட்டினர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர்மத்தைப் பருகியவர்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. இதயச் செயலிழப்பும் சிறுநீரக நோயும் உடையவர்களுக்கு நீரின் அளவை மருத்துவரே வரையறுப்பார். எனவே, ‘எவ்வளவு குடித்தாலும் நல்லதே’ என்று எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

எடையும் இனிப்பும்

நீரருந்தினால் உடல் மெலியும் என்பது இன்று இளையோரை மிகவும் ஈர்க்கும் செய்தி. குளிர்ந்த நீரைக் குடித்தால் அதனைச் சூடாக்க உடல் கொழுப்பை எரிக்கும் என்பர். கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஒரு லிட்டர் நீரைப் பத்துப் பாகையிலிருந்து உடலின் வெப்பமான 37 பாகைக்கு உயர்த்தத் தேவையான ஆற்றல் 27 கிலோகலோரி. ஓர் இட்டிலியிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி. ஒரு லிட்டர் குளிர்நீரை முயன்று குடித்து அரை இட்டிலியை வெல்வதைப் பெரும் வெற்றி என்று சொல்வதற்கில்லை.

உணவுக்கு முன் நீரருந்தினால் வயிறு நிறைந்து உண்ணும் அளவு குறையும் என்பது மற்றொரு கருத்து. இதில் உண்மை உண்டு. ஆனால், அது யாருக்கு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 55 முதல் 75 வயது வரையுள்ளோர் பங்குபெற்றனர். அனைவரும் ஆற்றல் குறைந்த உணவை 12 வாரங்கள் உண்டனர். அவர்களுள் ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன் அரை லிட்டர் நீர் அருந்தியோர், அருந்தாதோரைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாக எடை குறைந்தனர். உணவைக் கட்டுப்படுத்தாமல் நீரை மட்டும் குடித்து அவர்கள் மெலிந்துவிடவில்லை என்பது நினைவிற்குரியது. அதே ஆய்வாளர் குழு 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உணவுக்கு முன் அருந்திய நீர் முதியோர் உண்ணும் அளவைக் குறைத்தது. இளையோரிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. பதினாறு வயதினர் இதனை நம்பி மதிய உணவைக் குறைத்துக்கொண்டால் இழப்பது வளரும் பருவத்திற்குரிய ஊட்டத்தையே. வளரிளம் பெண்களிடையே குருதிச்சோகை பரவலாக உள்ள நாட்டில் இது சிறிய ஆபத்தன்று.

எடையைப் பொறுத்தவரை நீரின் உண்மையான பயன், அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. கடையில் விற்கும் 300 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை, ஒருநாள் உணவின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும், இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஒரே பாட்டிலில் அந்த அளவு கடந்துவிடுகிறது. நாளுக்கொரு பாட்டில் என்றால் ஓராண்டில் பதினொரு கிலோ சர்க்கரை. பதினொரு கிலோ சர்க்கரையைக் கரண்டியால் உண்ணுமாறு சொன்னால் எவரும் மறுப்பர். குளிரவைத்து வாயுவேற்றித் தந்தால் விலைகொடுத்து வாங்கிப் பருகுகின்றனர். அதற்குப் பதிலாக ஒரு குவளை நீரை அருந்துபவர் எந்த வித்தையும் செய்யாமலே அந்தப் பதினொரு கிலோவைத் தவிர்க்கிறார்.

மதுரையின் ஜிகர்தண்டாவையும் இந்தக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? ஈரலைக் குளிர்விப்பது என்று பொருள்படும் அந்தப் பெயரே தாகத்தின் மொழியில் அமைந்தது. சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் பனிக்கூழும் சேர்ந்த அது, தின்பண்டங்களோடு சேர்த்து எண்ணத்தக்கது. எப்போதேனும் ஒருநாள் சுவைக்கட்டும். தாகத்திற்கு அதனை நாடுவதுதான் பிழை.

மலை தாண்டி வந்த நீர்

தாகம் தணிப்பதை அறமாகக் கொண்ட ஊர் மதுரை. கே.கே. நகருக்கு அண்மையில், இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கும் பழைய அரண்மனையோடு பெயர் இணைந்த இராணி மங்கம்மாள், வழிப்போக்கர்க்குச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வைகைக்கு வரும் வழியெங்கும் நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்களைக் காணலாம். வேண்டுதல் கொண்டோர் தோல்பையில் நீர் நிரப்பி அழகரின்மீது பீய்ச்சுவர். வெயிலில் வந்த இறைவனுக்கே வெக்கை தணிக்கும் மக்கள் அவர்கள்.

அந்நகரத்துக்கு வரும் நீரின் பயணமும் வியப்புக்குரியது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, பென்னிகுவிக் மேற்பார்வையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கவழியே நீர் கிழக்கே திரும்பியது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு, குழாய்வழியே அது மதுரைக்கு வருகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரை மாநகருக்குக் கொணரும் திட்டமும் உருவாக்கப்பட்டுள்ளது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மலையும் சமவெளியும் கடந்து வந்த அந்த நீர், கே.கே. நகர் வீட்டில் பாட்டிலில் நிரப்பப்பட்டு, மாணவியின் பையிலேறிப் பள்ளிவரை செல்கிறது. அங்கே பாட்டிலுக்கும் வாய்க்கும் இடையிலுள்ள ஒரு சாண் தொலைவை மட்டும் அதனால் கடக்க முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை? குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் சரியில்லை. மாணவியர் வாய்திறந்து சொல்லாத காரணம் இதுவே. தாழ்ப்பாள் இல்லாத கதவு, நீர் வராத குழாய், துர்நாற்றம், இடைவேளையில் நீளும் வரிசை, பாடவேளையில் அனுமதி கேட்டு எழுந்தால் திரும்பிப் பார்க்கும் நாற்பது முகங்கள் ஆகியவற்றை எல்லாம் எண்ணிப் பார்க்கும் பெண், குடிக்காமலிருப்பதே எளிது என்று முடிவு செய்கிறாள். மாதவிடாய் நாள்களில் அம்முடிவு இன்னும் உறுதிப்படுகிறது. அறியாமையால் விளைந்த பழக்கம் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. அவள் சரியாகவே கணக்கிட்டிருக்கிறாள். கணக்கின் மறுபக்கத்தை அவளுடைய சிறுநீரகம் செலுத்துகிறது.

மாணவியர் மட்டும் இவ்வாறு கணக்கிடவில்லை. விளக்குத்தூணைச் சுற்றியுள்ள வீதிகளிலும் அவை போன்ற கடைத்தெருக்கள் எங்கும், நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டும் பெண்கள் இருக்கின்றனர். சாலைச் சந்திப்பில் நிற்கும் பெண் காவலரும் வயலில் குனிந்து நடவு செய்வோரும் இருக்கின்றனர். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் உரிமைக்கே அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது. நீர்ப்பந்தல் அமைத்தவரின் பெயர் பதாகையில் மின்னும். பொதுக் கழிப்பறையை நாள்தோறும் கழுவிப் பேணுபவருக்குப் பதாகை வைப்பாரைக் காண்பதரிது. தாகம் தணிப்பதை அறமென்று போற்றும் சமூகம், அருந்திய நீர் எங்கே செல்லும் என்பதைப் பேசக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தின் விலையைப் பெண்களே பெரிதும் கொடுக்கின்றனர்.

மணி அடிக்கும் முன்

பள்ளிகளில் நீரருந்துவதற்கென்றே மணி அடிக்கும் முறை கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துப் பள்ளியொன்றின் முயற்சியாகத் தொடங்கி, 2019இல் அம்மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டிலும் 2025இல் ‘வாட்டர் பெல்’ என்னும் பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. முற்பகல் 11 மணி, பிற்பகல் 1 மணி, 3 மணி என மூன்று முறை மணி ஒலிக்கும். மாணவர்கள் வகுப்பிலிருந்தபடியே ஓரிரு நிமிடங்களில் நீர் அருந்தலாம். இது வரவேற்கத்தக்க ஏற்பாடு. நீரருந்துவதற்கு அனுமதி கேட்டு எழும் கூச்சத்தை அது நீக்குகிறது. எல்லோரும் குடிக்கும்போது தனியாக எவரும் தெரிவதில்லை.

ஆயினும் மணி பாதி வேலையைத்தான் செய்யும். குவளை நீரைக் குடிக்க அரை நிமிடம் போதும். அதன் தொடர்ச்சிக்கு அது போதாது. நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்று வைத்து, ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று கொண்டாலும் எல்லோரும் சென்றுவர எண்பது நிமிடம் ஆகும். பத்து நிமிட இடைவேளையில் ஐவர் மட்டுமே சென்று வரலாம். மற்ற முப்பத்தைந்து பேரும் அடுத்த மணி ஒலிக்கும்போது பாட்டிலைத் திறப்பார்களா?

குடிநீரும் மாணவர், மாணவியர்க்குத் தனித்தனிக் கழிப்பறைகளும் பள்ளிக்கு இன்றியமையாதவை என்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே வரையறுத்தது. எல்லா மாநிலங்களும் அவற்றை ஆறு மாதத்திற்குள் ஏற்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆணையிட்டது. கட்டடங்கள் பெருமளவில் எழுந்தன. கட்டுவது ஒருமுறை செய்யும் செலவு. கழுவுவது நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. திறப்பு விழாவுக்குப் பின் கழுவுவதற்கான கூலியும் பினாயிலும் குழாயில் நீரும் எங்கிருந்து வரும் என்பதை வரவு செலவுத் திட்டத்தில் எழுதாத பள்ளி, கழிப்பறையைக் கட்டியும் கட்டாத பள்ளியே. பூட்டிவைத்து ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் கழிப்பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பாடவேளையில் வெளியே செல்ல அனுமதி கேட்பதைக் குறும்பாகக் கருதும் வழக்கமும் மாற வேண்டும். அதனைச் சாக்காகக் கொண்டு சுற்றித் திரிபவர் சிலர் இருப்பர். அந்தச் சிலரைத் தடுப்பதற்காக வகுப்பு முழுவதும் தாகத்தோடும் அடக்கிய சிறுநீரோடும் அமர்ந்திருப்பது நியாயமாகாது. இவ்வகையில் ஆசிரியர்க்குச் செலவு எதுவுமில்லை, தலையசைப்பு போதும்.

முற்பகல் 11 மணிக்கு மணி அடிப்பதற்கு முன், 10.45க்குப் பள்ளிப் பொறுப்பாளர் ஒருவர் மாணவியர் கழிப்பறைப் பக்கம் சென்று பார்த்துவர வேண்டும். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குழாயைத் திறந்தால் நீர் வருகிறதா? வாளியும் குவளையும் உள்ளனவா? குப்பைக்கூடைக்கு மூடி இருக்கிறதா? பூட்டிய அறை ஏதேனும் இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால், மாலை ஆறு மணிக்குக் கே.கே. நகர் வீட்டுக்குப் பாட்டில் எந்த அளவில் திரும்பும் என்பதை அப்போதே கூறிவிடலாம்.